உலக்கையும் பட்டாணியும்

மார்ச் 3, திங்கள்

இன்றும் உலக்கை சாக்கடையில் விழுந்தான். பதினைந்து வயது, ஒரு கும்பலுக்கே தலைவன், வாராவாரம் எதிலாவது விழுகிறான். கார்ட்டூனில் அவன் விழ, கண்ணாடி அறைக்குள் நின்று ‘ஐயோ’ என்று கத்துவது நான். நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை ‘டேய், யார்ரா அது?’ என்று கேட்டுவிட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்ச் 5, புதன்

வெள்ளிக்கிழமை பட்டாணியோடு ஒரே அறையில் ஒலிப்பதிவாம். பட்டாணிதான் கதாநாயகன், எதிர்க் கும்பலின் தலைவன். அவனுக்குக் குரல் கொடுப்பவளுக்கும் நான் வைத்த பெயர் அதுவே. எப்போதும் தனித்தனியாகத்தான் பேசுவோம். இந்தச் சண்டைக்காட்சி சேர்ந்து பேசினால்தான் எடுபடும் என்கிறார் இயக்குநர்.

அவளோடு நான் பேசி இரண்டு வருடம் ஆகிறது. “நீ தோக்கிறதுக்குன்னே பொறந்தவடி” என்று எல்லார் முன்னாலும் சிரித்தாளே! அவளுக்கு விளையாட்டு. எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானாகப் போய்ப் பேசுவேனா? மாட்டேன்.

மார்ச் 6

சண்டைக்காரியைப் பார்க்கப் போக இவ்வளவு அலங்காரமா என்கிறாள் மகள்.

மார்ச் 7, வெள்ளி

அவள் தொண்டை கெட்டுப் போயிருக்கிறது. வேறு யாரும் கவனிக்கவில்லை. பட்டாணி உச்சத்தில் கத்த வேண்டிய இடம் வரும்போதெல்லாம் எச்சில் விழுங்குகிறாள். முதல் தடவை எப்படியோ சமாளித்தாள். இரண்டாம் தடவை நுனியில் ஒரு கீறல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலை நிமிர்ந்தது. இன்னொரு தடவை கீறினால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் வசனத் தாளின் ஓரத்தைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

அவள் கத்துவதற்கு முந்தைய வரி என்னுடையது. வேண்டுமென்றே குளறினேன். ஒருத்தி குளறினால் இரண்டு பேருக்கும் நிறுத்தம். அவள் வெந்நீர் குடித்தாள். மறுபடி குளறினேன். மறுபடி வெந்நீர்.

“என்னக்கா ஆச்சு உங்களுக்கு இன்னிக்கு?” என்றார் இயக்குநர். எனக்கா? ஒரே டேக்கில் முடிப்பவள் என்று பெயரெடுத்த எனக்கா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வயசாகுதுல்ல தம்பி” என்றேன்.

கடைசியில் கத்திவிட்டாள். கீறல் இல்லை.

வெளியே படிக்கட்டில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நீ அந்த வரியில தடுமாறுவியா? யாருகிட்டடி கதை விடுற?” எல்லாம் கிசுகிசுப்பில்தான். “ரெண்டு மாசம் வாயே தெறக்கக்கூடாதுங்கறாரு டாக்டர். யாருகிட்டயும் சொல்லல.”

“என்கிட்ட மட்டும் ஏன் சொல்ற?”

“வேற யாரு இருக்கா எனக்கு?”

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். இப்படி ஒரு பைத்தியக்காரியோடா நான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்?

மார்ச் 11, செவ்வாய்

இயக்குநரிடம் அவளே சொல்லிவிட்டாள். “பட்டாணிக்கும் நீங்களே பேசிருங்கக்கா” என்கிறார் அவர். குளியலறையில் பேசிப் பார்த்தேன். அச்சு அசலாக வருகிறது. சே, ஏன் வருகிறது?

மார்ச் 12

முடியாது என்று சொல்லிவிட்டேன். “நானே அடிச்சு நானே விழுந்தா யாரு தம்பி சிரிப்பா?”

கதை எழுதுபவர் தாடையைத் தடவினார். “பட்டாணிக்குப் பொன்னுக்கு வீங்கின்னு வச்சுக்குவோமா? ரெண்டு மாசம் தலைய மட்டும் ஆட்டட்டும்.”

ஏப்ரல் 4, வெள்ளி

கன்னம் வீங்கிய பட்டாணியின் வாசலில் உலக்கை கும்பலோடு காவல் நிற்கிறான், வேறு எவனும் அவனை அடித்துவிடக்கூடாது என்று. நான் பேசப் பேச, அவள் ஒலிப்பதிவு அறையின் மூலையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மே 9, வெள்ளி

அவள் பேசினாள். குரல் வந்துவிட்டது, ஆனால் அந்த உச்சம் வரவில்லை. அடியில் ஒரு கரகரப்பு, நடுவில் வழுக்கல். அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன் தம்பி, பதினஞ்சு வயசுப் பையனுக்குக் குரல் உடையாதா? உங்களுக்கு உடையலையா?”

இயக்குநர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அக்கா, அந்த வரிய இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார்.

மே 12, திங்கள்

உலக்கைக்கும் பதினைந்து வயதுதானே, அவனுக்கும் உடைய வேண்டுமாம். எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. தினமும் சாயங்காலம் அவள் சமையலறையில் பயிற்சி. “இன்னும் கீழ, இன்னும் கீழ” என்று கரண்டியால் மேடையைத் தட்டுகிறாள்.