அந்த அரைமணி நேரத்து வானம்

என் பிரியமான கிரேஸ் அக்கா,

நீ போய் ஏழு வருஷமாகிறது. வருஷத்திலேயே பகல் குறைந்த நாள் இன்று. காலையிலிருந்தே மேற்கே மலைமேல் மேகம் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த நாளில் நான் மாடிப்பக்கமே போவதில்லை. இன்று போனேன்.

அன்றைக்கு வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து, நீ டீச்சராக இருந்த கூமாப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடும் நாள். உன்னை அழைத்துவர அப்பா மொபெட்டை வெளியே எடுத்துவிட்டார். அம்மா கிறிஸ்துமசுக்காகக் கோயிலைக் கழுவிவிடப் போயிருந்தாள். நான்தான் அப்பாவை மாடிக்குக் கூப்பிட்டேன். மலையே தெரியவில்லை. கன்னங்கரேலென்று மேகம் அடுக்கடுக்காக நின்றது. விளிம்பெல்லாம் செம்புபோல் மின்னியது. இடுக்கு வழியாக வெயில் சாய்ந்து கண்மாயில் இறங்கியது.

“ஏட்டி, அக்கா காத்துக்கிட்டு இருப்பா. போயிட்டு வாரேன்” என்றார்.

“செத்த நேரம் இருங்கப்பா. இந்த வெளிச்சம் இப்பப் போயிரும்.”

அரைமணி நேரம் நின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு துளி இல்லை. அதே மேகம் அங்கே மலைக்குள் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்ததை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நீ நடந்தாயாம். கணுக்கால் தண்ணீர்தானே என்று ஓடையில் இறங்கினாயாம். வெள்ளம் வரும் சத்தம் உனக்குக் கேட்டதா, அக்கா? மறுநாள் காலையில்தான் உன்னைக் கண்டெடுத்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னது ஒன்றுதான்: “அவிய நேரத்துக்குப் போயிருந்தா எம் பிள்ளை இருந்திருப்பா.” அப்பா வாய் திறக்கவில்லை. இன்றுவரை அம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

தை பிறந்ததும் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. நான் போய்விட்டால் இந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். எப்படி இருப்பார்கள்?

இன்று மாடியில் அப்பாவிடம் கேட்டேன்: “ஏம்ப்பா, நான்தான் நிப்பாட்டுனேன்னு அம்மாகிட்டச் சொல்லலை?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. “நீ அப்பச் சின்னப் பிள்ளைட்டி. அம்புட்டையும் எப்படித் தாங்குவ?”

அம்மா இன்னும் கோயிலிலிருந்து வரவில்லை. வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன். அதன்பிறகு என் முகத்தில் விழிப்பாளோ மாட்டாளோ, தெரியாது. சொல்லாமல் இந்த வீட்டைவிட்டுப் போகமாட்டேன், அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா