கழுத்து வளையும் டூலுக்கு என்ன விலை?

பிப்ரவரி 21, செவ்வாய்

இன்றும் பிளேடு உடைந்தது. ஒரு துண்டு ஜன்னல் சட்டத்தில் போய்க் குத்தி நின்றது.

ஓவன் பேன்கேக் தட்டோடு கொட்டகை வாசலில் வந்து நின்றான். "சத்தம் கேட்டுச்சு. பிளேடா, விரலா?"

"பிளேடு."

"அப்ப பேன்கேக் மேல எலுமிச்சம்பழம் பிழியலாம், விரல் எரியாது" என்று தட்டை நீட்டினான். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் ஆகிறது, ஒரு தடவையாவது பதறிப் பார்த்ததில்லை.

லேத்தில் சுற்றும் கம்பியை அறுத்துத் துண்டாக்குவது என்றால் எல்லாருக்குமே உள்ளூர நடுக்கம்தான். மெல்லிய பிளேடு ஆழமாகப் போகப் போக, திடீரென்று கம்பியைக் கவ்விவிடும். கவ்வினால் பிளேடு போச்சு, சில நேரம் கம்பியும் போச்சு. பொழுதுபோக்காக லேத் ஓட்டுகிறவர்கள் கூடும் எங்கள் சங்கத்து ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் லேத்தை நிறுத்திவிட்டுக் கை ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் யோசனை சுலபமானது. பிளேடைப் பிடித்துக்கொள்ளும் எஃகுக் கட்டைக்கு ஒரு கழுத்து வைக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை, துளையிலிருந்து ஒரு கீறல். பாரம் அதிகமானால் கழுத்து இம்மியளவு வளைந்து, பிளேடு பின்வாங்க வேண்டும். என்னுடையது வளைகிறது. ஆனால் பின்வாங்காமல் முன்னால் பாய்கிறது. ஏன்?

பிப்ரவரி 22, புதன்

ரெக்ஸாம் நகரிலிருந்து போன். மே மாதம் திறக்கப்போகும் குளிர்கிடங்கில் எனக்கு வேலை உண்டாம். இரவு ஷிப்ட். உறைந்த பட்டாணி மூட்டைகளோடு எட்டு மணி நேரம். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

பம்பு ஆலையில் லேத்துக்கு முன்னால் முப்பது வருடம் நின்றவள் நான். ஜனவரியில் ஆலையை மூடிவிட்டார்கள். ஓவன் பள்ளிப் பேருந்து ஓட்டும் சம்பளத்தில் வீட்டுக்கடன் போய்விடும், மற்றதெல்லாம் இழுபறி. ராத்திரி சாப்பாட்டில் இரண்டு பேரும் பேசி முடித்தோம். இந்த டூலை விற்று மாதம் அறுநூறு பவுண்டு என் கையில் நிற்கும் என்று ஏப்ரலுக்குள் தெரிந்தால் கிடங்கு வேண்டாம். இல்லையென்றால் பட்டாணி.

பிப்ரவரி 26, ஞாயிறு

கண்டுபிடித்தேன். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியின் அட்டையைக் கட்டை மாதிரி வெட்டி, துளை வரும் இடத்தில் குண்டூசி குத்தி, பிளேடு வரும் முனையை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஊசி பிளேடின் நுனிக்குக் கீழே இருந்தால் அழுத்தும்போது நுனி முன்னால் போகிறது. ஊசியை நுனிக்கு மேலே குத்தினால் பின்னால் போகிறது. இவ்வளவுதான் சங்கதி. இதற்காகவா இத்தனை பிளேடைத் தின்றேன்?

ஓவனிடம் காட்டினேன். "பெட்டியில இருந்த கார்ன்ஃபிளேக்ஸ் எங்க?" என்றான்.

மார்ச் 1, புதன்

துளையை மேலே வைத்துச் செய்த புது டூல் கவ்வவில்லை. இரண்டங்குலக் கம்பி, வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு போனது. தனியாக நின்று சிரித்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

விலை. இது டூலைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

எஃகு ஏழு பவுண்டு. பிளேடு ஒன்பது. திருகாணிகள் இரண்டு. ஒன்று செய்ய மூன்று மணி நேரம் ஆகிறது, ஆலையில் எனக்கு மணிக்குப் பதினாலு கொடுத்தார்கள். அது நாற்பத்திரண்டு. வீணாகிப்போவது, கரண்டு என்று எட்டு. மொத்தம் அறுபத்தெட்டு. ஒரு பென்னி கூட ஏமாற்றில்லை.

"சரியாத்தான் இருக்கு. ஆனா யாரு வாங்குவா?" என்றான் ஓவன்.

"லேத்துல கம்பியைத் துண்டு போடத் தெரியாதவங்க எல்லாரும்."

"அப்படித் தெரியாதுன்னு எவன் ஒத்துக்குவான்?"

மார்ச் 9, வியாழன்

இன்று சங்கக் கூட்டம். மூன்று டூல்களைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். பின்னறையில் இருக்கும் சங்கத்து லேத்தில் மாட்டி, எல்லார் முன்னாலும் கம்பியை அறுத்தேன். டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே நின்றார்கள். ஆடு வளர்த்து ஓய்ந்த க்விலிம் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் சர்ச்சில்கூட அதைக் கழற்ற யோசிப்பவர்.

"எவ்வளவும்மா?" என்றார் நெவில். பாங்கில் மேனேஜராக இருந்தவர், பத்தொன்பது வருடமாக ஒரு நீராவி எஞ்சின் செய்துகொண்டிருக்கிறார்.

"அறுபத்தெட்டு."

"நியாயமான விலைதான்" என்றார் நெவில். "ரொம்ப நியாயம்" என்றார் க்விலிம். ஆளாளுக்கு நியாயம் நியாயம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தரும் வாங்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நெவில் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து, என் கண் முன்னாலேயே என் டூலை அளக்க ஆரம்பித்தார். கழுத்தின் கனம், துளையின் விட்டம், எல்லாவற்றையும் பிஸ்கட் கவரின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

"என்ன பண்றீங்க நெவில்?"

"இதை நானே ஒரு சனி ஞாயிறுல செஞ்சுருவேன், மேரியன். தப்பா எடுத்துக்காத."

"உங்க எஞ்சின் பாய்லரை முடிச்சுட்டுச் செய்வீங்களா, அதுக்கு முன்னாடியா?"

எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு ரொம்ப அன்பாகச் சொன்னார். "இருபத்தஞ்சு போடும்மா. சாமான் காசு வந்துரும், டீ செலவுக்கும் ஆகும். நம்ம கைவேலைக்கு நாம யாரும் கணக்குப் பாக்குறதில்லையே."

மார்ச் 10, வெள்ளி

கணக்குப் பார்க்கிறதில்லையாம். ஏன் பார்க்கணும்? பாங்கு பென்ஷன் மாசாமாசம் வருது. எனக்கு எங்கேருந்து வருது? அவருக்கு இது பொழுதுபோக்கு, எனக்குச் சோறு. அதை அங்கேயே சொல்லியிருக்கணும். பல்லைக் காட்டிட்டு வந்தேன்.

அழுகை வந்தது. எதற்கு என்று சரியாகத் தெரியவில்லை. நெவில் மேல் கோபம் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 14, செவ்வாய்

இன்று முழுக்க யோசித்ததில் ஒன்று புரிந்தது. உலகத்திலேயே மோசமான வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடித்திருக்கிறேன். தானே செய்யத் தெரிந்தவனிடம் போய்ச் செய்த பொருளை விற்றால் எப்படி? அறுபது பவுண்டு மிச்சம் பிடிக்க ஆறு மாதம் உழைப்பார்கள், சந்தோஷமாக உழைப்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் மனைவியிடம் கேக் விற்கிற மாதிரிதான்.

இது தெரிந்து என்ன பண்ண? பட்டாணி.

மார்ச் 23, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

சங்கத்தில் அவரவர் செய்யும் பொருளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் காட்டும் கூட்டம். போக மனமில்லை, ஓவன்தான் தள்ளிவிட்டான். மூன்று டூல்களையும் வைத்தேன். பக்கத்தில் முடிக்காத கட்டை ஒன்றையும் வைத்தேன், கழுத்து எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியட்டும் என்பதற்காக. அதில் துளையும் கீறலும் பிளேடு உட்காரும் பள்ளமும் மட்டும் போட்டிருந்தேன். வெளிப்பக்கம் ரம்பம் பட்ட கரடுமுரடு. திருகாணித் துளைகள் கிடையாது.

செய்து முடித்த மூன்றையும் எல்லாரும் மரியாதையாகக் கடந்து போனார்கள். கட்டையை க்விலிம் எடுத்தார், திருப்பினார், கட்டைவிரலால் தேய்த்தார். "இது எவ்வளவு?"

"அது விக்கிறதுக்கில்ல க்விலிம். முடிக்கலை."

"முடிக்காதது தெரியுது. எவ்வளவு?"

எனக்குச் சுருக்கென்றது. முழுசாகச் செய்ததைத் தொட மாட்டார்கள், குப்பைக்கு விலை கேட்கிறார்கள். எரிச்சலில், "நாப்பத்தஞ்சு" என்றேன். ஆளைத் துரத்தத்தான் சொன்னேன்.

அவர் பர்ஸை எடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து நெவில், "இரு க்விலிம், நான்தானே முதல்ல பாத்தேன்" என்றார்.

"நீ முடிச்சதைப் பாத்தே. இதை நான் பாத்தேன்."

"ஏன் நெவில், ஒரு சனி ஞாயிறுல செஞ்சுருவேன்னீங்களே?" என்றேன்.

அவர் காது சிவந்தது. குரலைத் தாழ்த்தி, "அந்தத் துளை இடத்துக்கு வர மாட்டேங்குதும்மா. மூணு கட்டை வீணாப் போச்சு. மத்த வேலையெல்லாம் எனக்குச் சர்க்கரை மாதிரி" என்றார்.

க்விலிம், நெவில், இன்னொருவர் என்று மூன்று கட்டைக்குக் காசு வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டை இனிமேல்தான் வெட்ட வேண்டும். அவர்கள் டூல் வாங்கவில்லை. செய்கிற சுகத்தை வாங்குகிறார்கள், செய்ய முடியாத இடத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டு. சின்னப் பிள்ளைகள்தான் எல்லாரும். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கிறது.

மார்ச் 25, சனி

மறுபடி கணக்கு. எஃகு ஏழு, பிளேடு ஒன்பது (பிளேடையும் சேர்த்தே கொடுக்கப்போகிறேன்), வரைபடமும் அட்டைப்பெட்டியும் ஒன்று. வேலை ஒரு மணி நேரம், பதினாலு. வீணாவதற்கும் கரண்டுக்கும் ஐந்து. முப்பத்தாறு.

நான் வாங்கியது நாற்பத்தைந்து.

"குடுத்தாங்க, வாங்கிக்கிட்ட. அவங்க யாராவது அழுதாங்களா?" என்றான் ஓவன்.

அவன் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. நாற்பத்தைந்து என்றால் சாமான் செலவு போக ஒன்றுக்கு இருபத்துமூன்று நிற்கும், மாதம் இருபத்தாறு விற்றாலே கிட்டத்தட்ட அறுநூறு வந்துவிடும். முப்பத்தாறு என்றால் நிற்பது பதினாலுதான், நாற்பத்துமூன்று விற்க வேண்டும். ஏப்ரல் முடிய ஐந்து வாரம்கூட இல்லை. பட்டாணிக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒன்பது பவுண்டுதான்.

ஆனால் அந்த ஒன்பது எதற்கு? எஃகுக்கு இல்லை, உழைப்புக்கும் இல்லை. எரிச்சலுக்கு. என் எரிச்சலை அவர்கள் தலையில் கட்டி விலை போட்டிருக்கிறேன். உழைப்புக்குக் கணக்குப் பார்க்கச் சொல்லி நெவிலிடம் மனசுக்குள் அவ்வளவு கத்தினேனே. பார்த்தால் ஒழுங்காகத்தானே பார்க்க வேண்டும்?

முப்பத்தாறு. ஓவனிடம் சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம், மகாராணி" என்றான். முகத்தில் கவலை தெரிந்தது. பேருந்துக்கு ஞாயிறு வாடகைச் சவாரி வருமா என்று கேட்டுப் பார்க்கப்போகிறானாம்.

மார்ச் 30, வியாழன்

மூன்று பேருக்கும் கட்டையைக் கொடுத்தேன். கூடவே ஆளுக்கு ஒன்பது பவுண்டு திருப்பினேன். ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றார். க்விலிம் தப்பு செய்தவர் மாதிரி விழித்துவிட்டு, தேநீர் நிதி டப்பாவில் போட்டார். நெவில் வாங்கி, எண்ணிப் பார்த்து, பர்ஸில் வைத்து ஜிப்பை மூடினார். "இப்பதான் சரியான விலை" என்றார். பாங்குக்காரர்.

ஏப்ரல் 10, திங்கள்

ஈஸ்டர் விடுமுறை. இதுவரை விற்றது பதினொன்று. போதாது.

ஏப்ரல் 17, திங்கள்

க்விலிமின் மச்சான் வெல்ஷ்பூல் ஊர்ச் சங்கத்தில் இருக்கிறார். ஒன்பது பவுண்டு கதை அங்கே போயிருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் தொண்ணூறு பவுண்டாக வளர்ந்துவிட்டதாம். காலையிலிருந்து போன். தொலைவிலிருந்து ஒருவர், "காசைத் திருப்பிக் குடுக்குற அம்மா நீங்கதானா?" என்று கேட்டார். எல்லா நேரமும் அப்படி இல்லை என்றேன். நான்கு கட்டை கேட்டார்.

ஏப்ரல் 24, திங்கள்

தோள் வலிக்கிறது. சந்தோஷமான வலி. சின்ன லேத்துக்குப் பொருந்துகிற மாதிரி அடுத்து ஒன்று செய்ய முடியுமா என்று ஏழு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 28, வெள்ளி

கையில் ஐம்பத்திரண்டு கட்டைக்கு ஆர்டர். ரெக்ஸாமுக்கு நானே போன் போட்டேன். வரவில்லை என்றேன். வேறு வேலை கிடைத்துவிட்டதா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"எங்கங்க?"

"எங்க வீட்டுக் கொல்லையில."

"பக்கம்தான், நல்லது" என்றாள்.

ஓவன் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தான், கழுவின தட்டையே திரும்பத் திரும்ப. பிறகு ஈரக்கையோடு வந்து கட்டிக்கொண்டான். அவன் பயந்துபோயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மே 13, சனி

சங்கத்தைப் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். நீள மேசையில் என் டூல் ஐந்தாறு கிடந்தது. என்னுடையது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். க்விலிம் டிராக்டர் பச்சை அடித்திருந்தார். இன்னொருவர் மூலைகளையெல்லாம் உருட்டிச் சோப்புக் கட்டி ஆக்கியிருந்தார். நெவிலுடையது முகம் பார்க்கும் கண்ணாடி. பக்கவாட்டில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் வருடத்தையும் பொறித்திருந்தார். எஞ்சினில் பத்தொன்பது வருடமாகப் பொறிக்கக் காத்திருந்த எழுத்துகள்.

ஷ்ரூஸ்பரியிலிருந்து வந்த ஒருவர் அதை எடுத்து, "நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"வாங்குறதா?" நெவிலுக்கு மூச்சு வாங்கியது. "நானே செஞ்சதுங்க. இந்தப் பாலிஷுக்கு மட்டும் நாலு சாயந்தரம்."

நான் பக்கத்து மேசையில் பன்னுக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அவர் கட்டையைத் திருப்பி, கீறல் இருக்கும் இடத்தைத் தடவி, "அப்ப இந்தக் கழுத்து?" என்றார்.

நெவில் என் பக்கம் கை காட்டினார். "கழுத்து மட்டும் அந்தம்மாது. அது நம்மால ஆகாதுங்க. முப்பத்தாறு பவுண்டு, பேரம் பேசாம வாங்கிக்குங்க."

அவர் இரண்டு வாங்கினார். ஜாம் கையோடு காசை வாங்க வேண்டியதாகிவிட்டது.