தொண்ணூற்றாறு யாருடையது

மார்ச் 6, வெள்ளி

உறுதியான தகவல்: தம்பி மூன்றாவது வாரத்தை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று முடித்திருக்கிறான். ஆதாரம்: ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட தாள். நகல் என் பையில் இருக்கிறது.

பத்தொன்பது வருஷம் செய்தி எழுதிய கை இப்படித்தான் எழுதும். ஆதாரம் இல்லாமல் சந்தோஷப்பட எனக்குப் பழக்கமில்லை.

வேலை இதுதான். துவைத்து உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். நல்லது என்றால் நீலக் கூடை. கறை போகவில்லை என்றால் மஞ்சள், மறுபடி துவைக்க. கிழிந்திருந்தால் சிவப்பு, தைக்க. தேர்வுக் காலம் ஆறு வாரம். ஐந்து வாரம் வீட்டு ஆள் ஒருவர் துணைக்கு நிற்கலாம். ஆறாவது வாரம் தனியாக. வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் நூறு விரிப்பை எண்ணி மதிப்பெண். அந்தத் தனி வாரத்தின் சராசரி தொண்ணூறு வந்தால் வேலை நிரந்தரம். வேலை கிடைத்தால்தான் அவன் படிக்கும் பயிற்சி மையம் நடத்தும் வீட்டில் அறை. வேலைக்குப் போகும் இரண்டு பேர் அங்கே தாங்களே சமைத்து, தாங்களே துவைத்து இருக்கிறார்கள். மூன்றாவது அறை காலி. தம்பி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஜன்னல் எண்ணிக்கைகூடச் சொன்னான். இரண்டு.

அவனுக்கு இருபத்துநாலு வயது. படிவத்தில் 'அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மிதமானது' என்று போட்டிருக்கிறது. அவனுக்குத் துணை நிற்கத்தான் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறேன். சலவைக்கூடத்துப் பெண்கள் அவனுக்கு வைத்திருக்கும் பேர் 'ஜட்ஜ்'. தீர்ப்புச் சொல்வது மாதிரி நிதானமாகக் கூடையில் போடுவானாம்.

தாளை நீட்டும்போது சூப்பர்வைசர் சொன்னது: "நல்லாத்தான் பண்றான் மேடம். நீங்க எதிர்ல நிக்கிற வரைக்கும்."

என்ன சொல்ல வருகிறார்? நான் கையை நீட்டுவதில்லை, வாயைத் திறப்பதில்லை. ஆறடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அவருக்கு வயிற்றெரிச்சல்.

மார்ச் 8, ஞாயிறு

மையத்தில் கிடைத்த உதவித்தொகையில் தம்பி ஒரு பூட்டு வாங்கிவிட்டான். புது அறைக்காம். கதவு இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் சமையலறை அலமாரியில் மாட்டிப் பழகுகிறான். சர்க்கரை, டீத்தூள் எல்லாம் உள்ளே.

அம்மா: "ஏன்டி, என் வீட்டுல நான் டீ குடிக்க இவன்கிட்ட மனு போடணுமா?"

அவன்: "கேளு. தருவேன்."

பிறகு அம்மா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "அவன் எனக்குப் பாரம்னு ஒரு நாள் சொல்லியிருப்பேனா? எதுக்கு இப்படி வெளியே தள்ற?"

நான் தள்ளுகிறேனா? பூட்டு வாங்கியது நானா?

மார்ச் 11, புதன்

காலையில் எனக்குக் கண் பரிசோதனை. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்துவிட்டார்கள். வெளிச்சம் தாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நேரே சலவைக்கூடம் போனேன்.

முதல் இருபது விரிப்பில் பதினொன்று தப்பு.

காய்ச்சலோ என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. விரிப்பைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தான். "கண்ணாடியக் கழட்டு" என்றான். கழற்றினேன். கண்ணில் நீர் வழிய நின்றேன். அடுத்த இருபதில் பத்தொன்பது சரி.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. சோதித்துப் பார்க்காமல் விட மனசு கேட்கவில்லை. புத்தம் புது விரிப்பு ஒன்று வந்தது. கறையில்லை, கிழிசலில்லை. நான் சிவப்புக் கூடையைப் பார்த்தேன். சிவப்பில் போட்டான். அடுத்ததில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. நான் நீலத்தைப் பார்த்தேன். நீலத்தில் போட்டான். மூன்றாவது தேவையே இல்லை. அதையும் செய்தேன்.

மூன்று வாரமாக அவன் துணியைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்திருக்கிறான். அந்தத் தொண்ணூற்றாறு நான் எடுத்தது.

மார்ச் 12, வியாழன்

மையத்துப் பயிற்சியாளரிடம் போனில் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "எங்க வேலையில பழைய தப்பு இது. எனக்கும் நடந்திருக்கு. வாயால சொல்லிக் குடுக்கிறத நிறுத்திடுவோம். கண்ணு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். இனிமே அவன் முதுகுப் பக்கம் நில்லுங்க."

இன்று வீட்டில் நாள் முழுக்கக் கவனித்தேன். சட்டை எடுக்கும் முன் அம்மாவைப் பார்க்கிறான். அம்மா கண் நீலச் சட்டைக்குப் போகிறது. நீலச் சட்டை வருகிறது. உப்பா சர்க்கரையா - அம்மா முகம். பஸ் வருகிறது, ஏறலாமா - என் முகம். இந்த வீட்டில் பிறந்ததிலிருந்து அவன் படித்த பாடம் இது ஒன்றுதான். முதல் மாணவனாகத் தேறியிருக்கிறான்.

அம்மா சொல்கிறாள்: "கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சுல்ல? வாய மூடிக்கிட்டு இரு. யாருக்குத் தெரியப் போகுது?"

தனி வாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அது மட்டுமில்லை. தப்பான செய்தி போட்டால் மறுநாளே திருத்தம் போட வேண்டும். வேலையில் நான் போட்ட திருத்தங்கள் பதினேழு. இது பதினெட்டாவது.

மார்ச் 13, வெள்ளி

எழுதியே கொடுத்தேன். "மார்ச் 6 தேதியிட்ட தொண்ணூற்றாறு என் தம்பியின் மதிப்பெண் அல்ல. என் கண் போகும் திசையைப் பார்த்து அவன் வேலை செய்ததை 11ஆம் தேதி கண்டுபிடித்தேன். தவறு என்னுடையது." கையெழுத்து, தேதி.

சூப்பர்வைசர் இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "நான் அன்னிக்கே சொன்னேன்ல மேடம். இதோட விட்டுருங்க. பாவம், அவனையும் ஏன் கஷ்டப்படுத்துறீங்க."

பாவமா? எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "சார், ஆறடி தள்ளி நிக்கிறவ கருவிழி எந்தப் பக்கம் போகுதுன்னு மூணு வாரம் பிசகாமப் பாத்திருக்கான். உங்களால முடியுமா? என்னால முடியாது. அவனுக்குப் பாக்கத் தெரியும். எதப் பாக்கணும்னு நான்தான் தப்பாக் காட்டிட்டேன்."

"தொண்ணூறுக்குக் கீழ போனா நோயாளி படுக்கிற கட்டில்ல கிழிஞ்ச துணி போகும் மேடம். நான்தான் பதில் சொல்லணும்."

நியாயமான பேச்சுதான். அதற்குள் மடிப்பு மெஷின் நின்றது. அதை ஓட்டும் அக்கா வந்தார். பதினாலு வருஷமாக இங்கே இருப்பவர், வாய் கொஞ்சம் நீளம்.

"சார், என்னை எப்பவாவது எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

"உன்னை எதுக்கும்மா எண்ணணும்?"

"எண்ணுங்க. எனக்கும் ஆசையா இருக்கு."

நூறு விரிப்பு பிரித்தார். கூடமே சுற்றி நின்று பார்த்தது. எண்ணியது சூப்பர்வைசரே. எண்பத்தெட்டு.

"ஐயோ, போச்சு! பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பட்டுமா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி எல்லாரையும்விட அதிகமாக. "அக்கா ஃபெயில்" என்றான்.

"ஆமாடா ஜட்ஜு. தீர்ப்பு சொல்லிட்டல்ல, போய் வேலையப் பாரு."

சூப்பர்வைசர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். கடைசியில் சொன்னார்: "ரெண்டு வாரம் தள்ளி வைக்கிறேன். தனி வாரம் ஏப்ரல் 6. ஆனா தொண்ணூறுன்னா தொண்ணூறுதான்."

இவனுக்கு மட்டுமா தொண்ணூறு என்று கேட்டேன். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். அதையும் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஐம்பத்திரண்டு.

மார்ச் 19, வியாழன்

நாற்பத்தொன்பது. விரிப்பைத் தரையில் போட்டுவிட்டுத் திரும்பித் திரும்பி என்னைத் தேடினான். "மூஞ்சியக் காட்டு. அக்கா, மூஞ்சியக் காட்டு." நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அழுதான். திரும்பல நான். என்ன ஜென்மம் நான் - தம்பி அழறான், சுவத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கிறத எண்ணிக்கிட்டு நிக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

சாயங்காலம் டீ அவன் போட்டான். அம்மா சமையலறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை, தானாகச் செய்தது. "நான் பாக்கல. நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை பாத்திரம் உருண்டது. அம்மாவின் தோள் மட்டும் துள்ளியது. தலை திரும்பவில்லை.

டீயில் சர்க்கரை மூன்று பங்கு. அம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். "நாளைக்குக் கொஞ்சம் கம்மியா" என்றாள்.

என்னிடம் பேச்சு இன்னும் குறைவுதான். ஆனால் வெளியே தள்ளுகிறாய் என்று இப்போது சொல்வதில்லை.

மார்ச் 25, புதன்

அறுபத்தாறு. ஒவ்வொரு விரிப்பையும் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போகிறான். வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறான், பிறகு உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவுகிறான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சியாளரும் சொல்லவில்லையாம், கேட்டுவிட்டேன். ஆனால் நடையிலேயே நேரம் போகிறது. "இப்படி ஊர்வலம் போனா எப்ப முடியும்?" என்றார் சூப்பர்வைசர்.

மார்ச் 26, வியாழன்

காலையில் போனால் மேஜை ஜன்னலடியில் இருக்கிறது. மடிப்பு அக்காவும் இன்னும் இரண்டு பேரும் தள்ளி வைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டார்களா என்றேன். "மேஜைக்குக் கால் இருக்குல்ல, அதுவா நடந்து போயிருக்கும்." சூப்பர்வைசர் பார்த்தார், தாளை எடுத்துக்கொண்டு எண்ண வந்துவிட்டார்.

எழுபத்தொன்பது.

மார்ச் 31, செவ்வாய்

எண்பத்துநாலு. நான் கதவுக்கு வெளியே.

ஏப்ரல் 2, வியாழன்

தொண்ணூற்றொன்று!

ஓடி உள்ளே போய்விட்டேன். அவன் கையை நீட்டி நிறுத்தினான். "உள்ள வராத. நீ கேட்டுக்கு வெளிய இரு." கோபமாகச் சொல்லவில்லை. வேலை நடக்கும் இடத்துக்குள் வெளியாள் வந்தால் எப்படிச் சொல்வார்களோ அப்படி.

பேட்டி கொடுக்க மாட்டேன் என்று எத்தனையோ பெரிய மனிதர்கள் என்னை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் சுள்ளென்று இருக்கும். இன்று கேட்டுக்கு வெளியே வந்து, எதிர்ச் சாரி மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

தனி வாரம் ஆரம்பம். எண்பத்தேழு. சூப்பர்வைசர் தாளில் கண்ட எண். வீட்டுக்கு வரும் வழியில் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். "பேசாத. யோசிக்கிறேன்" என்றான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தொண்ணூறு.

ஏப்ரல் 8, புதன்

தொண்ணூற்றொன்று. அம்மா அலமாரிச் சாவி கேட்டு நின்றாள். "தயவுசெய்து சொல்லு" என்றானாம். சொன்னாளாம்.

இது நடக்காமல் போனால்? போகட்டும். தேர்வு விதிமுறையில் மறுவிண்ணப்பம் கூடாது என்று எங்கும் இல்லை, முழுக்கப் படித்துவிட்டேன். இரண்டாவது படிவத்தை நிரப்பியும் வைத்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை. கூடவே ஒரு கடிதம்: அடுத்த முறை சலவைக்கூடத்தில் எல்லாரையும் எண்ணுங்கள், அந்தச் சராசரியை இவனுக்கும் வையுங்கள் என்று. மடிப்பு அக்கா முதல் கையெழுத்துப் போடத் தயார்.

ஏப்ரல் 9, வியாழன்

நான் நேரில் பார்க்கவில்லை. ஆதாரம்: மடிப்பு அக்கா, நாலரை மணிக்கு, கேட் வாசலில். இன்னொரு பெண்ணிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

மூன்று மணி வாக்கில் சூப்பர்வைசர் அவன் மேஜைக்கு எதிரே வந்து நின்றிருக்கிறார். நான் முன்பு நின்ற அதே தூரம். தம்பி ஒரு விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கையால் தடவியிருக்கிறான். சூப்பர்வைசர் நீலக் கூடையைப் பார்த்திருக்கிறார். "கண்ணால மட்டுமில்ல, முகவாயாலயே காட்டிட்டாரு" என்றார் அக்கா. தம்பி அவர் முகத்தைப் பார்த்திருக்கிறான். பிறகு துணியைப் பார்த்திருக்கிறான். சிவப்பில் போட்டுவிட்டான்.

"அது நல்லதுப்பா."

"கிழிசல்."

"எங்கடா கிழிசல்?"

"கிழிசல் சார்."

எண்ணும்போது அதைத் தப்பு என்றே போட்டு, மொத்தம் எண்பத்தொன்பது என்று எழுதியிருக்கிறார். தம்பி நகரவில்லையாம். அந்த விரிப்பை எடுத்து ஜன்னலில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்திருக்கிறார். ஓரத் தையலுக்கு மேலே, விரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல்.

தாளை நான் பார்த்தேன். எண்பத்தொன்பதை அடித்துத் தொண்ணூறு என்று திருத்தியிருக்கிறது. பக்கத்தில் சுருக்கொப்பம். சூப்பர்வைசரும் திருத்தம் போடுகிற ஆள்தான்.

இன்னும் தெரியாதவை: நாளைய மதிப்பெண். நான்கு நாள் கூட்டு முந்நூற்று ஐம்பத்தெட்டு. சராசரி தொண்ணூறு வர நாளை தொண்ணூற்றிரண்டு வேண்டும். தனியாகவோ துணையோடோ, தன் கண்ணால் பார்த்து அவன் இதுவரை எடுத்த அதிகபட்சம் தொண்ணூற்றொன்று. அவனிடம் சொன்னேன். "ஒண்ணு கூட" என்றான். கணக்கா, வாக்கா, தெரியவில்லை.

நாளை நான் மருந்துக் கடைப் பெஞ்சுக்கும் வரக் கூடாதாம். பஸ் நம்பர் தெரியுமாம். ஆதாரம்: அவனே. இரண்டாவது ஆதாரம் தேடப் போவதில்லை.

சமையலறை அலமாரி திறந்தே கிடக்கிறது. பூட்டு அவன் பையில் இருக்கிறது. அம்மா அதைப் பார்த்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், டீ போட்டாள்.

வேலை, அறை இரண்டுக்கும் முடிவு திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு.