வைடூரிய மோதிரமும் ஓர் இங்கிலீஷ் சொல்லும்

ஈப்போ, மலாயா, ஆனி 1926

அன்புள்ள புனிதவதிக்கு,

உமக்கும் அம்மாவுக்கும் நல்லூரான் துணை. நான் சுகம். அங்கு எல்லோரும் சுகமா?

போன கிழமை மழையில் சைக்கிளோடு சறுக்கி விழுந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. இடக்கை விரல் வீங்கியதால், நீர் போட்டுவிட்ட வைடூரிய மோதிரத்தைச் சீனத் தட்டான் வெட்டித்தான் எடுத்தான். ஆபீஸில் கூட வேலை செய்யும் கார்த்திகேசு அண்ணை, "கேதுவின்ரை கல்லெல்லோ தம்பி, இனிப் போடாதை" என்றார். அம்மாவும் அதையேதான் சொல்லுவா.

அறையில் தனியே கிடந்தபோது இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினேன். என் வேலையைப் பார்த்துத் துரை சொல்லும் 'பிரில்லியண்ட்' என்ற சொல்லுக்குப் பளபளப்பு, கெட்டித்தனம், பட்டை தீட்டிய வைரம் என்றெல்லாம் பொருள் இருக்கிறது. அது 'பெரில்' என்ற கல்லின் பேரிலிருந்து வந்ததாம். அந்தப் பேரோ, கிரேக்கர் நம் பக்கத்து வைடூரியத்திலிருந்து கொண்டுபோனதாம். ஊரெல்லாம் வெளிச்சத்துக்குப் பேராக வைத்த கல்லுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? வெட்டிய மோதிரத்தைத் தட்டான் ஒட்டித் தந்துவிட்டான். போட்டுவிடத்தான் ஆள் இல்லை.

தபாலுக்கு நேரமாகிறது. மிளகாய்த்தூள், பனங்கட்டி, முருங்கை விதை வேண்டும். நாம் குடியிருக்க ஆபீஸ் குவாட்டர்ஸ் கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் பின்னால் நிலமும் உண்டு. இவற்றை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நீரே கொண்டு வாரும்.

உமது,
பஞ்சலிங்கம்