எலியாவுக்கு எடுத்து வைத்த அவல்

ஏலக்காயைத் தட்டும்போதே நீ வந்துவிட்டாய். வராமல் எப்படி? அவலை நனைத்துப் பிழிந்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் போட்டு, பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கிக் கலந்து, மேலே ஏலக்காய் தூவினால் எழும் அந்த வாசனைக்கு எங்கள் வீட்டில் உன் பெயர்தான். நீ அதை மாலிதா என்பாய். என் மாமியார் கடைசிவரை ‘டீச்சர் அவல்’ என்றுதான் சொன்னார்.

இன்று காலை எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மேட்டூரில் திறந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. படம் பேப்பரில் வந்து, அந்தப் பேப்பரும் பழசாகி, அதில் வடை கட்டிக் கொடுத்தாகிவிட்டது. முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடைக்காரர்களுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான் என்று உனக்குத் தெரியும். விடிந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் கொல்லையிலிருந்து கத்தினார். “ஏய், வந்துடுச்சு! சீக்கிரம் வந்து பாரு!” நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வெடித்த மண்ணுக்குள் இறங்குவதை இரண்டு பேரும் நின்று பார்த்தோம். நல்லது நடந்தால், வேண்டிக்கொண்டது கிடைத்தால், அவல் கலக்க வேண்டும் என்பது உங்கள் ஆட்களின் வழக்கம். நேராக அடுப்படிக்குப் போய்க் கலந்துவிட்டேன். லூத்தரன் சபைக்காரி வீட்டில் யூதர் வீட்டு அவல். நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

திருவாரூர் ஜங்ஷனில் வேலை பார்த்த ஒரு கொங்கணத்து யூதரின் மகள் நீ. இங்கேயே படித்து, திருத்துறைப்பூண்டியில் நான் வரலாறு நடத்திய அதே பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராக வந்து சேர்ந்தாய். யூதர் என்றால் பைபிளுக்குள் மட்டும் இருப்பவர்கள் என்று நினைத்திருந்தவள் நான். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, டிபன் பாக்ஸில் தயிர் சாதமும் மாவடுவும் கொண்டுவருகிற யூதப் பெண்ணைப் பார்த்து முதல் வாரம் முழுக்க வாயடைத்துப் போயிருந்தேன். பிறகு உன் அண்ணன் குடும்பம் இஸ்ரேலுக்குப் போனது. நீ போகவில்லை. கேட்டால், “மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்னு தமிழ்ல சொல்லியே இதுங்களுக்கு ஏறல. ஹீப்ரூல வேற சொல்லணுமா?” என்பாய். உண்மைக் காரணத்தை நீ சொன்னதே இல்லை. நானும் துருவவில்லை.

முதன்முதலில் நீ அந்தத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தது என் மகன் பிறந்தபோது. எனக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று கேள்விப்பட்டு நீ வேண்டிக்கொண்டிருந்தாய். அவல், தேங்காய், வாழைப்பழம், ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ. என் மாமியார் தட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“எந்தக் கோயில்மா இது? தப்பா எடுத்துக்காத. சாமிக்குப் படைச்சதை நாங்க தொடறதில்ல.”

உலகத்திலேயே சிலைக்குப் படைக்க மாட்டோம் என்று முதலில் அடம்பிடித்த சனத்தின் பெண்ணைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! எனக்குக் கட்டிலில் படுத்தபடியே மானம் போயிற்று. நீ அசரவில்லை. “அம்மா, நாங்க ஒரே ஒரு தடவை கன்னுக்குட்டி சிலை செஞ்சோம். மோசே அதை இடிச்சுப் பொடியாக்கி, தண்ணியில கரைச்சு எங்களையே குடிக்க வெச்சாரு. அன்னியோட அந்த ஆசையே எங்களுக்கு விட்டுப்போச்சு” என்றாய். அந்தக் கதை வருகிற யாத்திராகமத்தைக் கரைத்துக் குடித்தவர் என் மாமியார். சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினார். பிறகு மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். எல்லோருக்கும் கொடுக்குமுன் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துத் தனியாக மூடி வைத்தாய். எல்லா யூதர் வீட்டிலும் அப்படியா, உங்கள் வீட்டில் மட்டுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாருக்கு என்று கேட்டேன்.

“எலியா தீர்க்கதரிசிக்கு. மேசியா வர்றதுக்கு முன்னாடி அவர்தானே வந்து சொல்லணும்? வர்றவருக்குப் பசிக்காதா?”

“எலியா வந்துட்டுப் போயாச்சுடி. இயேசுவுக்கு முன்னாடியே யோவான் ஸ்நானகனா வந்தாரு.”

“அவருக்கு நீங்க என்ன போட்டீங்க? வனாந்தரத்துல வெட்டுக்கிளி தின்னவர்தானே? எங்க வீட்டுக்கு வரட்டும், நான் அவல் போடறேன்.”

அவர் வராவிட்டால் அந்தக் கிண்ணம், அதன்பின் வாசலுக்குப் பசியோடு வரும் முதல் ஆளுக்கு. அது உன் ஏற்பாடு.

இப்படித்தான் ஆரம்பித்தது நம் சண்டை. சண்டை என்று ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள்தான் சொன்னார்கள். நமக்கு அது காபி மாதிரி. உங்கள் தீர்க்கதரிசிகள் சொன்ன மேசியாதான் இயேசுவாக வந்தார், நீங்கள்தான் அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டீர்கள் என்பேன் நான். நீ சாக்பீஸ் தூசியைத் தட்டியபடி பதில் சொல்வாய். “எங்களுக்கு மேசியா கடவுள் இல்லடி. தாவீது வம்சத்துல பொறக்கிற மனுஷன், ராஜா. அவர் வந்தா சண்டை நிக்கணும். கத்தியெல்லாம் கலப்பைக் கொழு ஆகணும். சிதறிப்போனவங்க வீடு திரும்பணும். விடையைச் சமன்பாட்டுல போட்டுப் பாரு. ரெண்டு பக்கமும் சரியா வரலைன்னா அது விடை இல்ல.”

“அவர் முதல்ல வந்தது ராஜாவா உக்கார இல்ல. நம்ம பாவத்தைச் சுமக்க. ராஜாவா திரும்ப வருவாரு. ஒரு சம்பவத்தோட பலன் அது நடந்த அன்னிக்கே தெரிஞ்சிடுமா? வரலாறு படிச்சிருந்தா உனக்குப் புரியும்.”

“என் பாவத்தை இன்னொருத்தர் எதுக்குச் சுமக்கணும்? நான்ல போய் மன்னிப்புக் கேக்கணும்?” என்பாய். கேட்கவும் கேட்டாய். உங்கள் பெரிய நோன்புக்கு முன்னால், வருடம் தவறாமல், போன் வரும். மனசு நோக ஏதாவது பேசியிருந்தால் மன்னித்துக்கொள் என்பாய். எனக்குக் கூச்சமாக இருக்கும். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சபையோடு சேர்ந்து ஒரே மூச்சில் பாவ அறிக்கை முடிந்துவிடும். எதிரே ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்கிற கஷ்டம் இல்லை.

ஒரு வருடம் இதே போலத் தண்ணீருக்காக எல்லோரும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் வீட்டுக்காரரும் உள்ளே புகுந்தார். “டீச்சர், மேட்டூர்ல திறந்தாச்சு. நம்ம வயல் காஞ்சுதான் கிடக்கு. அதுக்காகத் திறக்கலைன்னு ஆயிடுமா? சேதி கேட்டதும் நாங்க நாத்து விட்டுட்டோம்ல?” அவருக்குத் தான் ஒரு பெரிய பிரசங்கம் செய்துவிட்ட பெருமை. நீ காய்ந்த வரப்பைக் காட்டினாய். “காலு நனையாம தண்ணி வந்துடுச்சுன்னு என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. வரும்னு சொல்லுங்க, நானும் உங்களோட உக்காந்திருக்கேன்.” என் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. “வந்ததா, வரப்போவுதான்னு அப்புறம் பேசுங்க. வாய்க்கால் பூரா ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கு. ஆளுக்கு ஒரு கை பிடிங்க முதல்ல.” நீ புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினாய். அன்றைக்கு நீ வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தது எங்கள் தெருவுக்கே ஒரு வாரப் பேச்சு.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது.

உனக்கு இனி வைத்தியத்தால் பயனில்லை, வீட்டுக்கு அழைத்துப்போய்க் கவனித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, என் கொழுந்தன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். ஊரில் ஜெபக்குழு நடத்துகிறவன் அவன். “அண்ணி, அவங்க ஆண்டவரை ஏத்துக்காம போயிட்டாங்கன்னா, அந்த ஆத்துமாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். இத்தனை வருஷம் கூடவே இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்ல வெக்கக் கூடாதா? நான் குழுவைக் கூட்டிட்டு வரட்டுமா?” அவன் கெட்டவன் இல்லை. உனக்கு ரத்தம் தேவைப்பட்டபோது முதலில் கையை நீட்டியவன் அவன்தான். உன்மேல் இருந்த பிரியத்தில்தான் அவன் பயந்தான். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஸ்டாஃப் ரூமில் வாய் கிழியப் பேசியதெல்லாம் வேறு, இது வேறு. நான் போகப்போகிற இடத்தில் நீ இருக்க மாட்டாய் என்று யாரோ என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தது போல இருந்தது. குழு வேண்டாம் தம்பி, நானே கேட்கிறேன் என்றேன்.

மத்தியானம், நர்ஸ் போனபிறகு, உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

“ஒரே ஒரு தடவை சொல்லிடேன்டி. இயேசுதான் மேசியான்னு. எனக்காகவாவது.”

நீ கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்றுதான் நினைத்தேன். நீ என் கையை அழுத்தினாய். உன் குரல் அப்போதே பாதியாகியிருந்தது.

“உனக்காக என்ன வேணாலும் சொல்லுவேன். ஆனா நம்பாம சொன்னா அது பொய். உன் ஆண்டவர்கிட்டயே என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். பிறகு உன் பயத்தை நீ சொன்னாய். எத்தனையோ வருடப் பழக்கத்தில் நீ பயம் என்று ஒன்றைச் சொன்னது அப்போதுதான். “கடைசியில எங்க ஆளுங்க ஒரு வரி சொல்லணும். பக்கத்துல யாராவது கூடச் சொல்லுவாங்க. இங்க எனக்கு யாருடி இருக்கா? நடுவுல மறந்துட்டா எடுத்துக்கொடுக்கக்கூட ஆள் இல்ல.”

என்ன வரி என்று கேட்டேன். பைபிளின் உபாகமத்தில் இருப்பது, கர்த்தர் ஒருவரே என்று இஸ்ரவேலைக் கூப்பிட்டுச் சொல்கிற வரி என்றாய்.

எனக்கு அது ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் ஆன வசனம். பரிசாக ஒரு பென்சில் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். நீ ஹீப்ரூவில் ஆரம்பித்தாய். நான் தமிழில் சொன்னேன். நீ நடுவில் தடுமாறியபோது என் தமிழைக் கேட்டுவிட்டு உன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். சொல்லி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. உன்னை ஒரு வரி சொல்ல வைக்க வந்தவள் நான். நீ என்னை ஒரு வரி சொல்ல வைத்துவிட்டாய். நான் முழுமனதோடு சொன்னேன், நீயும் முழுமனதோடு சொன்னாய், இரண்டு பேரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. வராந்தாவிலிருந்து நான் சுமந்துகொண்டு வந்த பாரம் அந்தக் கட்டில் பக்கத்திலேயே இறங்கிவிட்டது. அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் அறிந்ததில்லை. பசி எடுத்து, கான்டீனுக்குப் போய் இரண்டு இட்லி சாப்பிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நீ இருந்த நாளெல்லாம் சொன்னோம். கடைசி நாள் நான் மட்டும் சொன்னேன். உன் உதடு அசைந்தது. எனக்கு அது போதும்.

உன் அண்ணன் வந்து, சென்னையில் உங்கள் ஆட்களுக்கென்று இருக்கும் சின்னக் கல்லறைத் தோட்டத்தில் உன்னை அடக்கம் செய்தார். நாங்களும் போயிருந்தோம். பூ வேண்டாம், கல் வைப்பதுதான் எங்கள் பழக்கம் என்றார். நம் வண்டல் மண்ணில் கல் ஏது? எங்கள் வீட்டுக்காரர் அடுத்த முறை போகும்போது வயலிலிருந்து நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். அதை வைத்துவிட்டு வந்தோம். அடுத்த மழையில் கரைந்திருக்கும்.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. அவர் வந்தார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்; ஞாயிற்றுக்கிழமை அதையேதான் எழுந்து நின்று சொல்கிறேன். ஆனால் திரும்ப வருவார் என்று சொல்லும் இடம் வரும்போது, நீ மதகில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. காத்திருப்பது எனக்கும் பாக்கி இருக்கிறது என்பதை உன்னால்தான் நான் கவனித்தேன். உன்னை அவர் என்ன கேட்பார், நீ என்ன சொல்வாய் என்பது உங்கள் இருவர் பாடு. அதற்குப் பதில் சொல்லும் வேலை எனக்கு இல்லை என்று தெரிந்ததிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன்.

கொழுந்தனிடம் மட்டும் நேற்றுவரை இதைச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. உன் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான். இன்று காலை மடையைத் திறந்துவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான். வாசனை பிடித்துத்தான் வந்திருப்பான். அவலைப் பார்த்தான். மூடி வைத்த கிண்ணத்தையும் பார்த்தான்.

“அண்ணி, டீச்சர் கடைசியில ஏதாவது சொன்னாங்களா?”

சொன்னேன். அந்த வரியை அப்படியே சொன்னேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

“முதல் கற்பனை, முதல் கட்டளை எதுன்னு கேட்டப்ப இயேசு ஆண்டவரே சொன்னது அதுதானே அண்ணி” என்றான். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவக்கூடப் போகாமல் நீட்டினான். ஒரு பிடி அவல் வைத்தேன். நின்றபடியே தின்றான், இன்னொரு பிடி கேட்டான்.

நான் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் மிச்சம் தேடி அடுப்படிக்குள் புகுந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து என் கொழுந்தன் அதட்டுவது கேட்கிறது.

“டேய், அந்தக் கிண்ணத்தைத் தொடாதீங்க. அது எலியாவுக்கு.”