சிரிக்க வைத்த முகங்கள்

அக்டோபர் 4, சனி

"அந்தப் படங்கள் என்னுடையவை" என்று இன்றும் சொல்லவில்லை.

பவானிபூரில் எங்கள் தெருவின் துர்கா பூஜைப் பந்தலைப் பிரிக்கிறார்கள். வழக்கம்போல மொத்தமாக விற்றாயிற்று. நதிக்கரை ஊர் ஒன்றில் மாதக் கடைசியில் நடக்கும் ஜகத்தாத்ரி பூஜைக்கு அதையே திரும்ப எழுப்புவார்கள். வாங்க வந்தவர் நீளச் சுவரின் முன் நின்றுவிட்டார். அதில் முதல் லோக்கல் ரயிலில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். கோடை முழுவதும் நான் வரைந்தது.

"யார் வரைஞ்சது?"

"தீம் என்னோடது. வரைஞ்சது நம்ம தெரு மதராஸிப் பொண்ணு" என்றார் தெருவுக்கே அண்ணனான பூஜை கிளப் செயலாளர் தீபங்கர்-தா.

நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் டீ. சிரித்தேன் வேறு.

அக்டோபர் 5

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "வாயில என்னடி கொழுக்கட்டையா? தமிழ்தான் உனக்குத் தகராறு, பெங்காலி நன்னாத்தானே பேசுவே!"

எந்த மொழியிலும் எனக்கு அது வராது, அம்மா.

அக்டோபர் 11

லேக் மார்க்கெட்டில் சிநேகிதி சாதனாவோடு டிபன். வக்கீலாகி ஒரு வருஷம்தான், அதற்குள் ஜட்ஜ் மாதிரி பேசுகிறாள்.

"படத்தை விக்கலாம்டி. வரைஞ்சது நீதாங்கறதை யாரும் விக்க முடியாது. படத்தைக் கெடுத்தா கேக்கற உரிமையும் உன்னோடதுதான். எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?"

"தெரு பூஜைக்கு யாரு கையெழுத்து வாங்குவா?"

"அப்போ சட்டம் உன் பக்கம். நீதான் யார் பக்கம்னு தெரியல."

அக்டோபர் 14

சாதனா எழுதிக் கொடுத்த கடிதத்தில் இரண்டு பத்தி. ஒன்று, பெயர் போட வேண்டும். இன்னொன்று, படத்தில் எதையும் மாற்றக் கூடாது. இரண்டாவதை எடுத்துவிட்டுத்தான் தீபங்கர்-தாவுக்கு அனுப்பினேன். படிக்கச் சண்டை போலிருந்தது. தெருவில் தினம் முகத்தில் விழிக்க வேண்டியவர்.

உடனே போன். "அடி பைத்தியம்! பேர் வேணும்னா கேட்க வேண்டியதுதானே? நீ நம்ம வீட்டுப் பொண்ணு. பெரிசாவே போடச் சொல்றேன்."

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டது?

அக்டோபர் 20

காளி பூஜை. பட்டாசு. தலைவலி.

அக்டோபர் 30, வியாழன்

யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி அந்த ஊருக்குப் போனேன்.

சுவரில் எல்லோரும் விழித்திருக்கிறார்கள். ஒருத்தி விடாமல் எல்லோருக்கும் கண்ணைத் திறந்து, பல் தெரியச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்திருந்தவள் கையில் இப்போது ஒரு மசாலாப் பொட்டலம் — விளம்பரம் கொடுத்தவர்களுடையது. கீழே கொட்டை எழுத்தில் என் பெயர்.

அன்று வாங்க வந்த பந்தல்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "நீங்கதானா தீதி? பேர் பார்த்தீங்களா, லைட் வேற போட்டிருக்கோம்!"

"ஏன் எழுப்பினீங்க இவங்களை?"

"பண்டிகையும் அதுவுமா தூங்கிட்டிருந்தா ஜனம் எதைப் பார்க்கும்? மாத்தக் கூடாதுன்னு யாருமே சொல்லலையே."

யாரும் சொல்லவில்லைதான். நானே வெட்டியெடுத்த பத்தி. இனி அதை யாரிடம் காட்ட?

கிளம்பத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெயரை அங்கே விட்டுவிட்டு எப்படிப் போவது? தட்டிக்குப் பின்னால் நீலப் பெயின்ட் மிச்சம் இருந்தது. பிரஷை எடுத்து வந்து, முதல் எழுத்திலிருந்து பூச ஆரம்பித்தேன்.

"ஐயோ தீதி, நீங்க கேட்டுத்தானே போட்டோம்!"

"இது நான் வரைஞ்சது இல்லை."

விளிம்புகள் சுத்தமாக வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஏதோ டச்-அப் வேலை என்று நினைத்து எனக்கு வழிவிட்டார்கள்.

நவம்பர் 3

அந்தப் பந்தலுக்கு ஊரில் முதல் பரிசு. சுவரில் பெயர் இல்லாததால், தீம் அவருடையது என்று மேடையில் தீபங்கர்-தாவைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு அனுப்பினார். அம்மா பிரித்தாள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.