சாயா குடிக்க எழுந்து போனவர்

இன்று காலை வக்கீல் நோட்டீஸைத் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தபோது சுக்கு மணம் வந்தது. அக்கா, நீ கொடுத்த பொட்டலம். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு மழைக்காலத்தில் கொண்டுவந்து தந்தாய். "பயப்படாம கஷாயம் வெச்சுக் குடி. இதுக்கு மட்டும் நான் உள்ளபடி சர்டிபிகேட் தரேன்" என்று சொல்லிச் சிரித்தாய். அப்போது நீ ஜாமீனில் இருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நோட்டீஸ் அந்தப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது. உன் கம்பெனியின் எம்.டி. அனுப்பியது. நான் எழுதிய கட்டுரைக்குப் பத்திரிகை வருத்தம் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவதூறு வழக்கு. இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ இறந்ததும் உன் பேரிலிருந்த வழக்கு முடிந்துபோனது. சட்டம் அப்படித்தான். மீதி இரண்டு பேர்: எம்.டி., ஏற்றுமதி மேலாளர். உன் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தங்களை வழக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லி இருவரும் மனுப் போட்டார்கள். இரண்டு மனுவிலும் ஒரே வாசகம். பூச்சிமருந்து மிகுந்த மசாலாச் சரக்கை, நல்ல சரக்கின் பரிசோதனை அறிக்கையோடு கப்பலேற்றியது காலஞ்சென்ற தரக்கட்டுப்பாட்டு அதிகாரி தன்னிச்சையாகச் செய்த காரியம். நீ உயிரோடு இருந்தவரை இந்த வாசகம் எந்தக் காகிதத்திலும் இல்லை. இத்தனை வருஷம் கோர்ட் செய்தி எழுதியவளுக்கு இது புதிதல்ல. பதில் சொல்ல முடியாதவர் மேல் பழி போடுவதற்குச் செலவு குறைவு.

அந்த வாரமே உன் மகள் வந்தாள். அவள் வேலை பார்க்கும் இடப்பள்ளிக் கடையில் யாரோ போனில் அந்தச் செய்தியைக் காட்டியிருக்கிறார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"சித்தி, உள்ளது சொல்லணும். அம்மா மட்டும்தான் செஞ்சாளா?"

"மட்டும் இல்லை."

"அப்போ அம்மா செஞ்சா, அல்லே?"

"செஞ்சா."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, "இப்படியே எழுதுங்கோ. கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா" என்றாள். உன் குரல்தான்.

நீயும் அதைத்தான் சொல்லியிருந்தாய். போர்ட் கொச்சி ஜெட்டியில், நீ வீட்டுக்குப் போக வேண்டிய வைப்பின் தீவுப் படகு ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போக, நாம் ஏறாமல் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம். முதல் தடவையாக எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாய்.

மாதம் ஒரு கூட்டம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், கிடங்குக்கு மேலே, மரப்படி ஏறிப் போகிற அறை. விலை, ஆர்டர், லாரி எல்லாவற்றையும் எம்.டி.யே பேசுவார். பரிசோதனையில் தேறாத சரக்குகளின் பட்டியலை நீ எடுப்பதற்குச் சற்று முன்பே எழுந்துவிடுவார். "ஞான் போயி ஒரு சாயா குடிச்சிட்டு வராம். நிங்ஙள் தீர்த்தோளூ." நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கம்பெனிச் செயலாளர் அதையும் கூட்டக் குறிப்பில் எழுதுவார்: பதினொன்று இருபதுக்குத் தலைவர் வெளியேறினார், பதினொன்று நாற்பதுக்குத் திரும்பினார். அந்த இருபது நிமிஷத்தில் ஏற்றுமதி மேலாளர் உன் பக்கம் நாற்காலியைத் திருப்புவார். "மேடம், கப்பல் நமக்காக நிக்காது. மூணாவது அடுக்குல நல்ல சரக்கு இருக்கு. அதுலேர்ந்து சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பிடலாம்." நீ கையெழுத்துப் போடுவாய். சாயா குடித்தவர் திரும்பி வந்து, அடுத்த விஷயம் என்ன என்று கேட்பார்.

"அவர் ரூம்லயே இல்லையே. அவர் மேல எப்படிக் குத்தம் நிக்கும்?" என்று நான்தான் கேட்டேன்.

நீ என்னை ஒரு மண்டூகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். "உள்ளே உட்கார்ந்திருந்த செயலாளருக்கே நான் என்ன காகிதம் எடுக்கப் போறேன்னு தெரியாது. வெளியே போனவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சரி. அப்போ நீ?"

"நான் ரூம்ல இருந்தேன். யாரும் என் கையைப் பிடிச்சு எழுதலை. வேலை போயிடும்னு பயம் இருந்தது. அப்புறம் பெரிய பதவி கொடுத்தா, அதுவும் பிடிச்சிருந்தது. அந்தப் பொடியை எங்கேயோ ஒருத்தி நம்பிக் குழம்புல போட்டிருப்பா." கொஞ்சம் நிறுத்தினாய். "என்னை நல்லவள்னு எழுதாதே, கேட்டியா. பொய்யாயிடும். என் பங்கு எவ்வளவோ அவ்வளவு எழுது. அவா பங்கையும் சேர்த்து என் பேர்ல எழுத விடாதே."

இப்போதே எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கோர்ட்டில் நானே சொல்கிறேன் என்றாய். உன் இதயம் அதுவரை பொறுக்கவில்லை.

அதனால் குற்றப்பத்திரிகையோடு இணைத்திருந்த கூட்டக் குறிப்புகளைத் தேடிப் பிடித்து வாசித்தேன். பதிமூன்று கூட்டங்கள். பதினொன்றில் எம்.டி. எழுந்து போயிருக்கிறார். இரண்டில் எழுந்திருக்கவில்லை, உன் பரிசோதனை அறிக்கையை முழுக்க இருந்து கேட்டிருக்கிறார். அந்த இரண்டு மாதமும் எல்லாச் சரக்கும் தேறியிருந்தது. நீ இதைக் கவனித்திருந்தாயா, தெரியவில்லை. நான் அந்தப் பக்கங்களை நாலு தடவை சரிபார்த்தேன். தெரியாமல் இருப்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டவருக்கு, எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இதைத்தான் எழுதினேன். அறிந்து கையெழுத்திட்டது நீ. மூட்டையைத் தேர்ந்து சாம்பிளை மாற்றச் சொன்னது மேலாளர். நிறுத்தும் அதிகாரம் இருந்தும், நிறுத்த வேண்டிய வேளைகளில் மட்டும் படியிறங்கிப் போனது எம்.டி. மூன்று பேருக்கும் மூன்று விதமான பொறுப்பு, எதுவும் மற்றொன்றை அழிக்காது. மனு மீது உத்தரவு இன்னும் வரவில்லை. நோட்டீஸ் வந்துவிட்டது.

இன்று அலுவலகத்தில் ஆசிரியரும் பத்திரிகையின் வக்கீலும் காத்திருந்தார்கள். வக்கீல் என் கட்டுரையில் ஏழு வரிகளைக் கோடிட்டிருந்தார். எல்லாம் எம்.டி. எழுந்து போன, மேலாளர் சாம்பிளை மாற்றச் சொன்ன வரிகள்.

"இறந்தவங்களைப் பத்தி எழுதினது அப்படியே இருக்கட்டும் மேடம். அதுல தொந்தரவு இல்லை. இந்த ஏழு வரியை மட்டும் எடுத்துட்டு ஒரு வருத்தம் போட்டா முடிஞ்சுது."

"அப்போ மீதி இருக்கறது அவ ஒருத்திதான்" என்றேன்.

ஆசிரியர் என்னைவிட இளையவர், நல்லவர், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பார். மெதுவாகச் சொன்னார்: "சேச்சி போயி ஒரு சாயா குடிச்சிட்டு வரூ. இது ஞங்ஙள் தீர்த்தோளாம்."

அவருக்குத் தெரியாமலே வந்த வார்த்தைகள். நாளை உன் மகள் கேட்டால், நான் அந்த அறையில் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யாகவும் இருக்காது.

நான் நாற்காலியை மேஜைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "நான் இங்கேயே இருக்கேன். என் முன்னால எழுதுங்க. யார் சொல்லி யார் எழுதினதுன்னு கீழே பேரும் நேரமும் போடுங்க."

"கேஸ் வரும், மேடம்."

"வரட்டும். கூண்டுல நான் நிக்கறேன். அந்தப் பதிமூணு கூட்டத்தையும் அங்கே வெச்சே வாசிக்கலாம்."

வக்கீல் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் பிடித்திருந்தார். பிறகு மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். யாரும் எதுவும் எழுதவில்லை. ஆசிரியர் கேன்டீனுக்குப் போன் போட்டு மூன்று சாயா சொன்னார்.

மூன்று பேரும் அறைக்குள் உட்கார்ந்தே குடித்தோம்.